தற்காலிகக் குழாய்: பிளிக்ஸ்பரோ வெடிவிபத்து புகட்டிய பாடம்

சில கிழமைகளுக்கு முன்னர், ஞாயிறு மாலை ஒன்றில், இளைஞர் ஒருவர் எமது வீட்டிற்கு வந்திருந்தார். ஊரில் என்னிடம் வரலாறு படித்தவர். இங்கு முகவர் நிலையம் ஒன்றினூடாக, நிறப்பூச்சு தயாரிக்கும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை பார்க்கின்றார். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், தமது பகுதியிற் கரைப்பான் செல்லும் குழாயின் இணைப்பு ஒன்று சில நாட்களாகக் கசிவதாகவும், மேற்பார்வையாளர் அதனைத் துணியாலும் ஒட்டுநாடாவாலும் சுற்றிவிட்டு, "இப்போதைக்கு இது போதும்" என்று கூறிச் சென்றதாகவும் சொன்னார்.

"நீர் ஒன்றும் கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்டா, நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவாங்கள், சேர்" என்றார்.

"இப்போதைக்கு" என்ற அந்தச் சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. நாம் அச்சொல்லோடு வாழப் பழகிவிட்டவர்கள். தற்காலிக வதிவிட அனுமதி, தற்காலிக வீடு, தற்காலிக வேலை என்று எமது காலம் கழிகின்றது. ஆயின், இதே "தற்காலிகம்" ஒரு சனிக்கிழமை மாலையில் 28 உயிர்களைப் பலிகொண்ட வரலாறு இந்த இங்கிலாந்து மண்ணில் உண்டு. அது நடந்த இடத்தின் பெயர் பிளிக்ஸ்பரோ. அந்த வரலாற்றை எம்மவர் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் கலைப் பட்டதாரி. இரசாயனம் முறைப்படி கற்றவன் அல்லன். எனினும், இவ்விபத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள இரசாயன அறிவினும் வேறொன்றே அதிகம் தேவைப்படுகின்றது. அது யாதென்பதை வாசகர்கள் போகப்போக உணர்வர்.

நைலோனுக்குப் பின்னால் ஓர் ஆலை

லிங்கன்ஷயர் பகுதியில், ஸ்கன்தோர்ப் என்னும் உருக்கு நகருக்கு அண்மையில், ட்ரென்ற் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் பிளிக்ஸ்பரோ. அதன் அருகே நைப்புறோ என்ற நிறுவனத்தின் இரசாயன ஆலை இருந்தது. ஒல்லாந்து அரசின் சுரங்க நிறுவனமும் பிரித்தானிய தேசிய நிலக்கரிச் சபையும் அதன் கூட்டு உரிமையாளர்கள். நைலோன் நூல் தயாரிப்பதற்கு வேண்டிய கப்ரோலக்ரம் என்னும் பொருளை அந்த ஆலை உற்பத்தி செய்தது.

1972இல் ஆலை விரிவாக்கப்பட்டபோது புதிய முறையொன்று புகுத்தப்பட்டது. சைக்கிளோஎக்சேன் என்ற திரவத்தினுள் காற்றைச் செலுத்தி, அதனைப் பகுதியளவில் ஒட்சியேற்றுவதே அம்முறை. சைக்கிளோஎக்சேன் ஏறக்குறைய பெற்றோலைப் போன்று எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆறு பெரும் உருக்குக் கலன்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதிலும் 14 அங்குலம் தாழ்ந்திருந்தது. படிக்கட்டில் நீர் இறங்குவது போன்று, முதலாங் கலனிலிருந்து ஆறாங் கலன் வரை திரவம் தன் பாரத்தாலேயே வழிந்து சென்றது.

ஒரு தடவை இக்கலன்களினூடாகச் செல்லும் திரவத்தில் மிகச் சிறு பங்கே வேண்டிய பொருளாக மாறும். எஞ்சியது மீண்டும் மீண்டும் சுற்றிவரும். ஆதலால் சிறிதளவு விளைபொருளுக்காகப் பெருந்தொகை திரவம் எந்நேரமும் கலன்களில் நிறைந்திருந்தது. அதன் வெப்பநிலை 155 பாகை செல்சியஸ். வளிமண்டல அமுக்கத்தைப் போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தில் அது அடைத்து வைக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் அபாயத்தின் வேர் இருந்தது. திறந்த பாத்திரத்தில் சைக்கிளோஎக்சேன் 81 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். 155 பாகையில் அது திரவமாக இருந்தது அமுக்கத்தின் பிடியினால் மாத்திரமே. எமது வீடுகளிலுள்ள அமுக்கச் சமையற் பாத்திரத்தை எண்ணிப் பாருங்கள். ஆவி அடங்குமுன் அதன் மூடியைத் திறந்தால் என்ன நிகழும் என்பதை எமது தாய்மார் அறிவர். பாத்திரத்தில் இருப்பது வெறும் நீர். பிளிக்ஸ்பரோவில் இருந்ததோ, பல தொன் எரிதிரவம்.

எரிவதும் வெடிப்பதும்

நான் இங்கு வந்த தொடக்கத்தில், எம்மவர் பலரைப் போன்று, பெற்றோல் நிலையமொன்றில் இரவுக் காசாளராக இருந்தேன். அங்கே முதலிற் கற்றுக்கொண்ட உண்மை, எரிவது பெற்றோல் அன்று, அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது என்பது. ஆவி மட்டும் போதாது. அது காற்றுடன் ஓர் அளவிற் கலக்க வேண்டும். சைக்கிளோஎக்சேன் ஆவி காற்றிலே சுமார் 1.3 முதல் 8 சதவீதம் வரை கலந்திருக்கும்போதே தீப்பற்றும். அதிலும் குறைந்தால் எரிபொருள் போதாது; அதிலும் கூடினால் காற்று போதாது.

எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் கூடினால் தீ உண்டாகும். அத்தீ குழாய்களும் தாங்கிகளும் கட்டடங்களும் நெருங்கிய இடத்திலுள்ள பெரிய ஆவி மேகத்தினுள் பரவுமாயின், அதன் வேகம் கணத்திற்குக் கணம் பெருகி, எதிர்ப்பட்டதை எல்லாம் தகர்க்கும் அமுக்க அலையாகிவிடும். அதனையே நாம் வெடிப்பு என்கின்றோம். பெரிய ஆலையொன்றில் உலை, மின்னாழி, வாகனம் என ஏதாவது ஒரு தீப்பொறி எங்கேனும் இருந்தே தீரும். ஆகவே, திரவத்தை வெளியே வரவிடாமற் காப்பதே முதற் காவலாகும்.

ஐந்தாவது கலன்

1974 மார்ச் 27ஆம் திகதி மாலை, ஐந்தாவது கலனிலிருந்து சைக்கிளோஎக்சேன் கசிவது கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை நிறுத்தப்பட்டது. மறுநாட் காலையிற் பார்த்தபோது, கலனின் உருக்குச் சுவரில் சுமார் ஆறு அடி நீளத்திற்குச் செங்குத்தான பிளவு ஓடியிருந்தது.

இப்பிளவு எவ்வாறு உண்டாயிற்று? முன்னர் அக்கலனின் மேற்பகுதியில் ஏற்பட்ட சிறு கசிவொன்றைத் தணிப்பதற்காக அதன்மீது நீர் ஊற்றப்பட்டு வந்தது. ஆலையின் குளிர்விக்கும் நீரில் நைத்திரேற்று உப்புகள் கலந்திருந்தன. நீர் ஆவியாகிப் போக, உப்பு உருக்கின்மீது படிந்து, நாளடைவில் அதனை அரித்துப் பிளந்துவிட்டது. சிறு கசிவுக்கு இப்போதைக்குச் செய்த பரிகாரமே பெரும் பிளவுக்கு வித்திட்டது.

ஐந்தாவது கலனை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு குழாயால் இணைத்து, எஞ்சிய ஐந்து கலன்களோடு உற்பத்தியைத் தொடர்வதென முடிவு செய்யப்பட்டது. கலன்களின் வாய்கள் 28 அங்குல விட்டமுடையவை. கைவசம் இருந்ததோ 20 அங்குலக் குழாய். நான்காவதன் வாயும் ஆறாவதன் வாயும் வெவ்வேறு உயரங்களில் இருந்தமையால், குழாய் இரு இடங்களில் மடித்து ஒட்டப்பட்டது. அதன் இரு முனைகளும் ஏற்கெனவே அங்கிருந்த துருத்தி இணைப்புகளோடு பொருத்தப்பட்டன. வெப்பத்தால் உலோகம் விரியும்போது அதற்கு இடங்கொடுப்பதற்காக அமைந்த நெகிழ்வான இணைப்புகள் அவை. குழாயின் பாரத்தைத் தாங்கக் கீழே சாரக்கட்டுக் கம்பிகள் நிறுத்தப்பட்டன.

இக்குழாய்க்கு வரையப்பட்ட ஒரேயொரு வரைபடம், வேலைத்தளத்தின் தரையில் வெண்கட்டியால் வரையப்பட்டதாகும். வெண்கட்டியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அதனால் எழுதியது மறுபாடம் தொடங்குமுன் அழிந்துவிடும். அமுக்கமும் வெப்பமும் நிறைந்த பெருங்குழாய் ஒன்றின் அமைப்பு, அழியும் கோடுகளில் மட்டுமே இருந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது.

நேரான குழாயில் அமுக்கம் இரு முனைகளையும் ஒரே கோட்டில் தள்ளும். மடிந்த குழாயிலோ அவ்விரு தள்ளுவிசைகளும் ஒரே கோட்டில் அமையா. ஆதலால் குழாயைத் திருப்பி முறுக்க முயலும். நெகிழ்வான துருத்திகள் அம்முறுக்கத்தைத் தாங்கா. இது எந்த இயந்திரப் பொறியியலாளரும் கணித்துக் கூறக்கூடியது. ஆயின், கணித்துப் பார்க்க அங்கே எவரும் இருக்கவில்லை. ஆலையின் பொறியியலாளர் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பதவி விலகிச் சென்றிருந்தார். அவருடைய இடம் நிரப்பப்படவில்லை. குழாயை அமைத்தவர்கள் உழைப்பாளிகள், அனுபவசாலிகள். ஆனால் இத்தகைய கணிப்பிற்குரிய தகைமை பெற்றவர்கள் அல்லர். தமக்குத் தெரியாதது ஒன்றுண்டு என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏனைய கலன்களிலும் அத்தகைய பிளவு உண்டா என்று முறையாகச் சோதிக்கப்படவில்லை. ஏப்பிரல் 1ஆம் திகதி ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

1974 யூன் 1, பிற்பகல் 4.53

இரு மாதங்கள் அக்குழாய் தாங்கியது. அதுவே பெருங் கேடாயிற்று. நாள்தோறும் தாங்கி நின்றமையால், தற்காலிகக் குழாய் நிரந்தரக் குழாய் என்ற நம்பிக்கையைப் பெற்றுவிட்டது.

மே மாத இறுதியில் வேறு சில கசிவுகளுக்காக ஆலை நிறுத்தப்பட்டு, யூன் 1ஆம் திகதி அதிகாலையில் மீண்டும் இயக்கப்பட்டது. அன்று சனிக்கிழமை. பிற்பகல் 4.53 மணியளவில் இணைப்புக் குழாய் மடிந்து முறிந்தது. இரு பக்கத்துக் கலன்களின் 28 அங்குல வாய்களும் திறந்துகொண்டன. ஏறக்குறைய 40 தொன் சைக்கிளோஎக்சேன் பீறிட்டு வெளியேறி, ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் ஆலையை மூடிய ஆவி மேகமாயிற்று. அம்மேகத்தை எங்கோ ஒரு தீப்பொறி தீண்டிற்று.

ஆலையில் இருந்தவர்களுள் 28 பேர் மாண்டனர். 36 பேர் காயமுற்றனர். இறந்தோரில் 18 பேர் கட்டுப்பாட்டறையில் இருந்தவர்கள். கலன்களுக்கு அண்மையில் இருந்த அவ்வறையின் கூரை அவர்கள்மீது இடிந்து வீழ்ந்தது. அங்கிருந்தோர் ஒருவரேனும் தப்பவில்லை. எதனால் இது நேர்ந்தது என்று சொல்லக்கூடிய சாட்சிகளும் அவர்களோடு மறைந்தனர். அயற் கிராமங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். 1,821 வீடுகளும் 167 கடைகளும் தொழிலகங்களும் சேதமுற்றன. ஆற்றின் மறுகரையிலுள்ள அம்கொட்ஸ் கிராமமும் தப்பவில்லை. தீ பத்து நாட்கள் வரை எரிந்தது.

ஆலையின் பிரதான அலுவலகக் கட்டடமும் தகர்ந்து போயிற்று. சனிக்கிழமை ஆகையால் அதில் எவரும் இருக்கவில்லை. அதுவே ஒரு வார நாளாக இருந்திருப்பின், இறந்தோர் தொகை நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

விசாரணை மன்று கண்டவை

அரசு அமைத்த விசாரணை மன்று, றொஜர் பாக்கர் என்ற சட்டவறிஞரின் தலைமையில் கூடி, 1975இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தற்காலிகக் குழாயின் முறிவே விபத்தின் காரணம் என அது முடிவு செய்தது. முறிவு எவ்விதம் தொடங்கிற்று என்பது குறித்துப் பின்னாளில் அறிஞர்கள் வேறு விளக்கங்களும் கூறியுள்ளனர். ஆயினும், அக்குழாய் அவ்விடத்திற்கு ஏற்றதன்று என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை.

இவ்வறிக்கையிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நிர்வாகத்தினர் இலாபத்துக்காகத் தெரிந்தே பாதுகாப்பைப் பலியிட்டனர் என்று மன்று கூறவில்லை. அங்கே கொடியவர் எவரும் இருக்கவில்லை. நல்லவர்கள், உற்பத்தியை விரைவில் தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒரு மாற்றத்தைச் செய்தனர். "இதனை யார் கணித்துப் பார்த்தது?" என்ற ஒற்றைக் கேள்வி மாத்திரம் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. அக்கேள்வியைக் கேட்கவேண்டிய நாற்காலி வெறுமையாக இருந்தது. அதனை நிரப்ப வேண்டும் என்று அவசரப்பட்டோரும் இல்லை.

மற்றொன்று, அங்கு களஞ்சியப்படுத்தப்பட்டிருந்த எரிதிரவங்களின் அளவு. அனுமதிப் பத்திரம் பெற்றிருந்த அளவினும் பன்மடங்கு கூடுதலான எரிதிரவம் அங்கு இருந்தது. அதனைச் சென்று பார்த்து அளவிட்டவரும் இல்லை.

ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே

வரலாறு இப்பாடத்தை முன்னரும் ஒரு தடவை புகட்டியிருந்தது. ஜேர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள ஒப்பாவ் என்ற ஊரில் பி.ஏ.எஸ்.எவ். நிறுவனத்தின் உர ஆலை இருந்தது. அமோனியம் சல்பேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் கலந்த உரம் அங்கு மலைபோற் குவிக்கப்பட்டிருந்தது. ஈரத்தை உறிஞ்சி அவ்வுரம் கல்லாக இறுகிவிடும். அதனை உடைப்பதற்குச் சிறிய வெடிமருந்து வைப்பது வழக்கம். ஏறத்தாழ 20,000 தடவைகள் அவ்வாறு செய்தும் தீங்கொன்றும் நேரவில்லை. அக்கலவை வெடியாது என்று சோதனைகளும் காட்டியிருந்தன.

1921 செப்ரெம்பர் 21ஆம் திகதி காலையில், வழக்கம்போல வைத்த வெடியோடு உரக்குவியலின் ஒரு பகுதியே வெடித்துச் சிதறியது. 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று.

இருபதாயிரம் தடவைகள் நிகழாதது அன்று ஏன் நிகழ்ந்தது? சிறிது காலத்திற்கு முன்னர் உரத்தை உலர்த்தும் முறை மாற்றப்பட்டிருந்தது. புதிய உரம் முன்னையதிலும் உலர்ந்தது, நுண்மையானது. பொருள் மாறிவிட்டது. ஆனால் நம்பிக்கை மாறவில்லை. நேற்று நிகழாதது இன்றும் நிகழாது என்பது, நேற்றுப் போலவே இன்றும் யாவும் இருந்தால் மாத்திரமே பொருந்தும். பிளிக்ஸ்பரோவில் மாறியது குழாய். ஒப்பாவில் மாறியது உரம். இரண்டிலும் மாறியதைக் கேள்விக்கு உட்படுத்தியோர் இல்லை.

கேள்வி கேட்கும் கலை

பிளிக்ஸ்பரோவின் பின்னர் பிரித்தானியாவில் நிலைமை மாறியது. வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டமூலம் அப்போது ஏற்கெனவே பாராளுமன்றத்தில் இருந்தது. 1974 யூலை 31ஆம் திகதி அது சட்டமாயிற்று. 1975இன் தொடக்கத்தில் அதனைச் செயற்படுத்தும் சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்றகம் தோன்றியது. பேராபத்துகளை ஆராய ஆலோசனைக் குழுவொன்றும் அமைக்கப்பட்டது. 1976இல் இத்தாலியின் செவேசோ நகரருகே நச்சு மேகம் பரவிய விபத்தின் பின்னர், 1982இல் ஐரோப்பிய சமூகம் அவ்வூரின் பெயரால் வழங்கும் பொது விதியை வகுத்தது. பேராபத்து விளைவிக்கக்கூடிய பொருள்களை வைத்திருப்போர் அதனை அதிகாரிகளுக்கு அறிவிக்கவும், அயலவருக்கு எச்சரிக்கை முறைகளை ஏற்படுத்தவும் கடமைப்பட்டனர்.

சட்டத்தோடு சிந்தனையும் வளர்ந்தது. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1960களில் உருவான ஆய்வு முறையொன்று உலகெங்கும் பரவியது. பலதுறை அறிந்தோர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆலையின் வரைபடத்திலுள்ள ஒவ்வொரு குழாயையும் எடுத்து, "இதில் ஓட்டம் இல்லாவிடின்? கூடினால்? குறைந்தால்? எதிர்த்திசையிற் பாய்ந்தால்? வேறு பொருள் வந்தால்?" என்று வரிசையாகக் கேட்பார்கள். இலக்கண வகுப்பில் "யார், எதை, எங்கே, எப்போது" என்று கேட்டு வாக்கியத்தைப் பிரிக்கின்றோம் அல்லவா? அத்தகைய முறையே இது.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ரெவர் கிளெற்ஸ் என்ற இரசாயனவியலாளர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அபாயப் பொருளைக் காவல் செய்வதிலும், அதனை வைத்திருக்கும் அளவையே குறைப்பது மேல் என்பது அவர் போதித்த கொள்கை. இல்லாத பொருள் கசியாது, வெடியாது. 1984 டிசெம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுப்பொருளும், விற்பனைக்கான பண்டமன்று; இடைநிலைப் பொருளாகப் பெருந்தொகையிற் சேமிக்கப்பட்டிருந்ததே.

கட்டுப்பாட்டறைகளைக் கலன்களிலிருந்து தள்ளியும் வெடியதிர்ச்சியைத் தாங்கும் வண்ணமும் கட்டவேண்டும் என்ற முறை வலுப்பெற்றது. எந்த மாற்றமாயினும், தற்காலிகமாயினும், தகுதியுள்ள ஒருவர் எழுத்தில் ஆராய்ந்து ஒப்பமிடாமற் செய்யலாகாது என்ற ஒழுங்கும் பிறந்தது.

மீண்டும் தற்காலிகம்

ஒழுங்குகள் பிறந்தால் மட்டும் போதுமா? 2005 மார்ச் 23ஆம் திகதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், ரெக்சாஸ் சிற்றி நகரிலுள்ள பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், திருத்த வேலைக்குப் பின் ஒரு கோபுரத்தை மீண்டும் இயக்கும்போது அதனுள் அளவுக்கு மிஞ்சித் திரவம் நிரப்பப்பட்டது. பொங்கி வழிந்த திரவம் ஆவி மேகமாகி வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் வரையிற் காயமுற்றனர்.

இறந்த பதினைவரும் யார்? கோபுரத்தை இயக்கியவர்கள் அல்லர். அயலில் வேறு திருத்த வேலைகளுக்காக வந்திருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்காக ஆலையின் அபாயப் பகுதிக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அறைவண்டிகளிலும் அவற்றைச் சூழவும் இருந்தவர்கள். கோபுரம் இயக்கப்படுகின்றது என்ற எச்சரிக்கைகூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பிளிக்ஸ்பரோவிற் குழாய் தற்காலிகம். ரெக்சாசிலோ தங்குமிடம் தற்காலிகம். அதில் இருந்த மனிதர்களும் தற்காலிகம்.

இதனைப் படித்தபோது என் மனக்கண்ணில் அந்த இளைஞரே தோன்றினார். முகவர் நிலையத்தால் அனுப்பப்படுவோர், ஒப்பந்தத்தில் வருவோர், மொழி அறியாதோர் ஆகியோரே எங்கும் எச்சரிக்கை கடைசியாகச் சென்றடைபவர்கள்.

எமக்குரிய பாடம்

எம்மவருள் இரசாயன ஆலையில் வேலை செய்வோர் சிலரே. ஆயினும், வெதுப்பகம், நிறப்பூச்சு ஆலை, பிளாத்திக்குத் தொழிற்சாலை, சலவையகம், களஞ்சியம் என்று வேலை செய்வோர் பலர். 2008 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள சீனி ஆலையொன்றில் 14 பேர் இறந்தனர். அங்கே வெடித்தது உத்தரங்களிலும் தரையிலும் படிந்து கிடந்த வெறும் சீனித் தூசு. மாவும் தூசாகிக் காற்றிற் கலந்தால் அவ்வாறே வெடிக்கும். அன்றாடம் கூட்டித் துடைப்பது அழகுக்காக மட்டுமன்று.

பிரித்தானியச் சட்டம் இன்று சில உரிமைகளை எமக்குத் தருகின்றது. வேலையின் ஆபத்துகளைத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளக்கூடிய முறையில் தெரிவிக்க வேண்டியது தொழில்தருநரின் கடமையென 1999ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. விளங்காத தாளில் ஒப்பம் வாங்குவதால் அக்கடமை தீராது. கடுமையான, உடனடியான ஆபத்து உண்டென நியாயமாக நம்பி ஒருவர் வேலையிடத்தை விட்டு விலகினால், அதற்காக அவருக்குத் தீங்கு செய்யலாகாது என்று 1996ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டம் கூறுகின்றது. 2021 முதல் இப்பாதுகாப்பு நிரந்தர ஊழியர் அல்லாத தொழிலாளருக்கும் விரிக்கப்பட்டுள்ளது. சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்றகத்திற்கு நேரடியாகவும் முறையிடலாம். முறையிட்டவரின் பெயரைத் தொழில்தருநருக்கு வெளியிடாமற் காப்பது அதன் வழக்கம்.

சட்டப் புத்தகம் ஒரு புறமும் வாடகைப் பணம் மறு புறமும் இருக்கும்போது, தராசு எப்பக்கம் சாயும் என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆதலால் வீரம் பேசுங்கள் என்று நான் கூறவில்லை. கேள்வி கேளுங்கள் என்றே கூறுகின்றேன். தனியே கேட்க அஞ்சினால் இருவர் மூவராகச் சென்று கேளுங்கள். இது எப்போது மாற்றப்பட்டது? யார் பார்த்து ஒப்பமிட்டது? எப்போது சரியாகத் திருத்தப்படும்? ஏதும் நேர்ந்தால் வெளியேறும் வழி எது? இந்த நான்கு கேள்விகளையும் ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு பள்ளி செல்லும் உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். தொழிற்சாலை தரும் பாதுகாப்புத் தாளையும் வீட்டிற்குக் கொண்டுவந்து அவர்களோடு இருந்து வாசியுங்கள். தாய் தந்தையர் எத்தகைய இடத்தில் உழைக்கின்றனர் என்பதைப் பிள்ளைகளும் அறிந்துகொள்வர்.

அந்த இளைஞருக்கும் இதனையே கூறி அனுப்பினேன். சென்ற கிழமை தொலைபேசியிற் பேசினார். தம்மோடு வேலை செய்யும் வேற்று நாட்டவர் இருவரையும் அழைத்துக்கொண்டு, கசிவு எங்கே, எந்நாள் முதல் என்பதைத் தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தாராம். அவர் முகத்தைச் சுளித்தாராம். ஆனால் திருத்தவேலைப் புத்தகத்தில் அதனைப் பதிந்தாராம். வேலை போகவில்லை. இணைப்பு இன்னும் மாற்றப்படவில்லை. இந்தக் கிழமைக்குள் மாற்றாவிடின், அடுத்து எங்கே சொல்லவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.